கையிலுள்ள ஸ்பீக்கர்களுக்கு ஏற்ற ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடித்துப்போன ஸ்பீக்கர்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபையரை மட்டும் மேம்பட்ட ஒன்றாக மாற்ற விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஆம்ப்ளிஃபையரின் பெயரையோ விலையையோ வைத்துத் தேடத் தொடங்காமல், ஸ்பீக்கர் எவ்வளவு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இங்குள்ள விடைகளுக்கு அடிப்படை.

ஆம்ப்ளிஃபையரை மாற்றினால் ஒலி உண்மையிலேயே மேம்படுமா?

இப்போதுள்ள ஆம்ப்ளிஃபையர் ஏதோ ஒரு வகையில் போதாமல் இருந்தால் மேம்படும். போதுமானதாக இருந்தால் பெரும்பாலும் மேம்படாது. எனவே வாங்குவதற்கு முன் குறை எங்கே இருக்கிறது என்று கண்டறிவதுதான் முதல் வேலை. ஒலி அளவைக் கூட்டும்போது மட்டும் இசை கரகரப்பாகவோ நெரிசலாகவோ மாறினால், முரசும் பித்தளைக் கருவிகளும் உச்சத்தைத் தொடும் இடங்களில் ஒலி தட்டையாகிவிட்டால், அல்லது சிறிது நேரத்திலேயே கருவி சூடேறிப் பாதுகாப்புச் சுற்று ஒலியைத் துண்டித்துவிட்டால், ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. பாட்டு ஓடாதபோதும் இருக்கை வரை கேட்கும் இரைச்சல், ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டு ஒலிப்பது, ஒலிக் குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்பு ஆகியவையும் அதே பட்டியலில் வரும்.

எந்த ஒலி அளவிலும் ஒரே மாதிரி இருக்கும் குறைகளின் கதை வேறு. மென்மையாகக் கேட்கும்போதும் உயர் சுரங்கள் காதைக் குத்தினால் அது பெரும்பாலும் ஸ்பீக்கரின் இயல்பாகவோ வெற்றுச் சுவர்களின் எதிரொலியாகவோ இருக்கும். குறிப்பிட்ட சில தாழ்சுரங்கள் மட்டும் குமுறினால் அது அறையின் வேலை. 4 மீட்டர் நீளமுள்ள ஓர் அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி அலை நின்று முழங்கும் முதல் அதிர்வெண் ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ். அது பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியான 41 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் விழுகிறது. எவ்வளவு உயர்ந்த ஆம்ப்ளிஃபையரை வைத்தாலும் அந்த முழக்கம் போகாது. ஸ்பீக்கரையோ இருக்கையையோ அரை மீட்டர் நகர்த்திப் பார்ப்பதற்குச் செலவில்லை என்பதால், அதை முதலில் செய்துவிடுமாறு வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு எத்தனை வாட் தேவை?

இதற்கு மூன்று விவரங்கள் வேண்டும்: ஸ்பீக்கரின் உணர்திறன், நீங்கள் உட்காரும் தூரம், நீங்கள் விரும்பும் ஒலி அளவு. உணர்திறன் என்பது 2.83 வோல்ட் கொடுக்கும்போது 1 மீட்டர் தொலைவில் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் எழுப்புகிறது என்பதன் அளவு. 8 ஓம் சுமையில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓம் சுமையில் அதுவே 2 வாட் ஆகிவிடும். ஆகவே 88 டெசிபல் என்று அச்சிடப்பட்ட 4 ஓம் ஸ்பீக்கர், ஒரு வாட் கணக்கில் பார்த்தால் 85 டெசிபல் ஸ்பீக்கர்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 86 டெசிபல் உணர்திறன் கொண்ட 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு, இருக்கையிலிருந்து 3 மீட்டர் தொலைவில் உள்ளன என்று கொள்வோம். திறந்த வெளியில் அந்தத் தொலைவுக்கு 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு ஆறரை டெசிபல் அளவுக்கே இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து ஒலிப்பதால் 3 டெசிபல் கூடும். ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட் மட்டுமே போனாலும் இருக்கையில் 82 டெசிபலுக்கு மேல் கிடைக்கிறது. அது வீட்டில் பலர் நீண்ட நேரம் கேட்க விரும்பும் அளவைவிடக் கூடுதலானது.

அப்படியானால் 5 வாட் போதுமே என்று தோன்றும். போதாததற்குக் காரணம் இசையின் உச்சங்கள். நல்ல ஒலிப்பதிவுகளில் உச்சங்கள் சராசரியைவிட 10 முதல் 20 டெசிபல் வரை மேலே எழும்பும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு திறன் வேண்டும், 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. மேற்சொன்ன அறையில் உச்சங்கள் 100 டெசிபலைத் தடையின்றித் தொட வேண்டுமானால் பக்கத்துக்கு ஏறத்தாழ 56 வாட் தேவைப்படும். அதே இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் 14 வாட்டே போதும். 83 டெசிபல் ஸ்பீக்கராக இருந்தால் 112 வாட் வேண்டும். ஸ்பீக்கரின் 3 டெசிபல் வேறுபாடு ஆம்ப்ளிஃபையரின் திறனை இரட்டிப்பாக்குவதற்குச் சமம் என்பதை இந்த எண்களில் காணலாம்.

இதை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். 60 வாட்டிலிருந்து 80 வாட்டுக்கு மாறுவதால் கிடைப்பது 1.2 டெசிபல் மட்டுமே. அதைப் பலரால் உணரவே முடியாது. திறனுக்காக மாற்றுவதென்றால் குறைந்தது இரட்டிப்பாகவாவது மாற்றுங்கள். அதுவும் 3 டெசிபல்தான். ஒலி இரு மடங்கு உரத்ததாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

இப்போது நான் உண்மையில் எவ்வளவு திறன் பயன்படுத்துகிறேன் என்று அளந்து பார்க்க முடியுமா?

முடியும், ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரே போதும். நீங்கள் எப்போதும் கேட்கும் அதிகபட்ச ஒலி அளவில் இசையை ஒலிக்கவிட்டு, ஒலிக் குமிழை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்து ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, முழு டிஜிட்டல் அளவுக்கு 12 டெசிபல் கீழே பதிவுசெய்யப்பட்ட 60 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பை அதே கருவி வழியாக ஓடவிட்டு, ஒரு பக்கத்தின் சிவப்பு, கருப்பு முனைகளுக்கு இடையேயான மாறுதிசை மின்னழுத்தத்தை அளவிடுங்கள். 12 டெசிபல் என்பது நான்கு மடங்கு மின்னழுத்தம். எனவே மீட்டர் 5 வோல்ட் காட்டினால், அந்தக் குமிழ் நிலையில் மிக உரத்த பதிவு கேட்கக்கூடிய உச்சம் 20 வோல்ட். 8 ஓமில் அது 50 வாட். மீட்டர் 2 வோல்ட்தான் காட்டுகிறது என்றால் தேவை 8 வாட் மட்டுமே. கையிலுள்ள ஆம்ப்ளிஃபையர் 50 வாட்டாக இருக்கையில் கூடுதல் வாட்டுக்காகச் செலவு செய்ய எந்தக் காரணமும் இல்லை.

இந்தச் சோதனையை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களில் மட்டுமே செய்ய வேண்டும். டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கர் இணைப்பின்றி இயக்கினால் அதன் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம்.

ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. அதை நம்பலாமா?

பெயரளவிலான எண் என்ற முறையில் மட்டும் நம்பலாம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஒரே எண்ணில் நிற்பதில்லை. அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. தாழ்சுர ஒத்ததிர்வில் அது 30 ஓமைத் தாண்டலாம். நடுச்சுரங்களின் கீழ்ப்பகுதியில் 4 ஓமுக்கு அருகில் இறங்கலாம். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60268-5 தரநிலையின்படி, குறிப்பிட்ட எண்ணின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இம்பீடன்ஸ் இறங்கக் கூடாது. அதாவது 8 ஓம் என்று சொல்லும் ஸ்பீக்கர் எங்கும் 6.4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. நடைமுறையில் இந்த வரம்பை மீறும் ஸ்பீக்கர்கள் ஏராளம், குறிப்பாக இரண்டு மூன்று வூஃபர்களை (தாழ்சுர ஒலிப்பான்களை) இணையாகக் கொண்ட தரைநிலை ஸ்பீக்கர்கள். எனவே உங்கள் ஸ்பீக்கருக்கு அளவீடுகளுடன் கூடிய மதிப்புரை கிடைத்தால், அதிலுள்ள இம்பீடன்ஸ் வரைபடத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். முழு விவரத் தாளிலும் இதைவிடப் பயனுள்ள எண் வேறில்லை என்பது என் கருத்து.

இது ஏன் முக்கியம் என்பதை மின்னோட்டக் கணக்கு காட்டும். 8 ஓமில் 100 வாட் என்றால் 28.3 வோல்ட், 3.5 ஆம்பியர். அதே மின்னழுத்தத்தில் இம்பீடன்ஸ் 4 ஓமாகக் குறைந்தால் ஆம்ப்ளிஃபையர் 7 ஆம்பியர் கொடுத்தாக வேண்டும். திறனும் 200 வாட்டாக உயர வேண்டும். மின்மாற்றியும் மின்தேக்கிகளும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் தாராளமாக அமைந்த கருவி அதற்கு அருகே வரும். சிக்கனமாகக் கட்டப்பட்ட கருவி 130 வாட்டிலேயே திணறும், அல்லது 4 ஓம் பற்றி எதுவும் சொல்லாமலேயே விட்டுவிடும். விவரத் தாளில் 4 ஓம் திறன் இடம்பெறாத ஆம்ப்ளிஃபையரைக் கடினமான ஸ்பீக்கருடன் இணைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இம்பீடன்ஸின் அளவோடு அதன் கட்டக் கோணமும் (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையேயான நேர விலகல்) சேரும்போது சுமை இன்னும் கடுமையாகிறது. மின்னழுத்தம் உச்சத்தில் இல்லாத நேரத்தில் மின்னோட்டம் உச்சத்தைத் தொட்டால், மிஞ்சும் மின்னழுத்தம் முழுவதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் மீது விழுந்து வெப்பமாகிறது. 4 ஓமும் 45 பாகைக் கோணமும் ஒரே இடத்தில் கூடிவந்தால், அந்த டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய 2 ஓம் மின்தடையை இயக்குவது போன்ற வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

இரண்டு புகழ்பெற்ற ஸ்பீக்கர்கள் இந்த வேறுபாட்டை அழகாக விளக்குகின்றன. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ தன் தொடக்கக் கால வடிவில் 15 ஓம் ஸ்பீக்கர். உணர்திறனோ 83 டெசிபல் அளவில்தான். அதற்கு மின்னழுத்தம் தேவை, மின்னோட்டம் அவ்வளவாகத் தேவையில்லை. 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர் அதற்கு 27 வாட்டுக்குக் குறைவாகவே தரும் என்றாலும் சூடேறாமல் இயங்கும். 1957இல் வெளிவந்த குவாட் மின்னிலை (எலெக்ட்ரோஸ்டாட்டிக்) ஸ்பீக்கரில் நிலைமை வேறு. உயர் அதிர்வெண்களில் அதன் இம்பீடன்ஸ் 2 ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. அதே வேளையில், மின்னழுத்தம் அளவு மீறினால் அதன் உட்தகடுகள் பழுதாகும். அதற்குத் தேவை பெரிய வாட் எண் அல்ல. அளவான மின்னழுத்தத்துடன், தாழ்ந்த இம்பீடன்ஸிலும் தடுமாறாத நிலைத்தன்மை கொண்ட ஆம்ப்ளிஃபையர்.

விளம்பரத்தில் சொல்லப்படும் வாட் எண்ணை எப்படிப் படிப்பது?

எந்த ஓமில், எந்த அதிர்வெண் வரம்பில், எத்தனை விழுக்காடு திரிபில் (அலை வடிவம் சிதைவதன் அளவில்), எத்தனை பக்கங்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது என்ற நான்கும் குறிப்பிடப்படாத வாட் எண்ணுக்குப் பொருளில்லை. 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரு பக்கங்களும் இயங்க, 0.1 விழுக்காட்டுக்குக் குறைந்த திரிபில் 60 வாட் என்பது நேர்மையான விவரம். 4 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும், 10 விழுக்காடு திரிபில் 150 வாட் என்பது அதைவிடப் பெரிதாகத் தோன்றும். ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆம்ப்ளிஃபையராகவே இருக்கலாம். இத்தகைய குழப்பங்கள் பெருகியதால்தான் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974இல் ஆம்ப்ளிஃபையர் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதியே வகுத்தது. பல பக்கங்கள் கொண்ட ஹோம் தியேட்டர் ரிசீவர்களின் எண்களைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை.

சிறிய ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரைக் கெடுத்துவிடுமா? பெரியது எரித்துவிடுமா?

இரண்டுக்கும் விடை, ஒலிக் குமிழ் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. இதையே கிளிப்பிங் என்கிறோம். அந்நிலையிலும் ஒலியை மேலும் கூட்டிக்கொண்டே போனால் உச்சங்கள் உயராமல் சராசரித் திறன் மட்டும் உயர்கிறது. வெட்டுப்பட்ட அலையில் புதிதாகப் பிறக்கும் உயர் அதிர்வெண்களும் சேர்ந்துகொள்ள, சில வாட் வெப்பத்தை மட்டுமே தாங்கக்கூடிய ட்வீட்டரின் (உயர்சுர ஒலிப்பானின்) சுருள் எரிந்துபோகிறது. மிதமாகக் கேட்பவரிடம் 20 வாட் ஆம்ப்ளிஃபையர் எந்த ஸ்பீக்கரையும் கெடுக்காது.

ஸ்பீக்கரின் விவரத் தாளில் 25 முதல் 120 வாட் என்று இருந்தால், 150 வாட் ஆம்ப்ளிஃபையரை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. கிளிப்பிங் இல்லாத உச்சங்கள் நொடியின் சிறு பகுதியே நீடிப்பதால் ஸ்பீக்கர் அவற்றை எளிதில் தாங்கும். கூடியிருப்போர் குமிழை முழுதாகத் திருப்பக்கூடிய வீடாக இருந்தால் மட்டும் சற்றுக் கட்டுப்பாடு நல்லது.

டாம்பிங் ஃபாக்டர் 500 என்று ஒரு கருவியிலும் 100 என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எது சிறந்தது?

இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிடலாம். டாம்பிங் ஃபாக்டர் என்பது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸால் வகுத்துக் கிடைக்கும் எண். 8 ஓமுக்கு 100 என்றால் வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.08 ஓம், 500 என்றால் 0.016 ஓம். ஆனால் அதே மின்சுற்றில் ஸ்பீக்கர் சுருளின் சொந்த மின்தடையே ஏறத்தாழ 6 ஓம் இருக்கிறது. அதற்கு முன் 0.08 ஓமும் 0.016 ஓமும் ஒன்றுதான். எண் 20க்குக் கீழே போகும்போதுதான் கவனிக்கத் தொடங்க வேண்டும்; அது நம்மை வால்வு ஆம்ப்ளிஃபையர்களிடம் கொண்டுசெல்கிறது.

வால்வு ஆம்ப்ளிஃபையர் என் ஸ்பீக்கர்களுக்குப் பொருந்துமா?

உணர்திறன் 90 டெசிபலுக்கு மேல் இருந்து, இம்பீடன்ஸ் வரைபடம் பெரிய மேடுபள்ளங்களின்றி இருந்தால் மிக அழகாகப் பொருந்தும். இல்லையென்றால், என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 ஓம் என்றும், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 4 ஓமாகவும் வேறோர் இடத்தில் 20 ஓமாகவும் இருக்கிறது என்றும் கொள்வோம். 4 ஓம் உள்ள அதிர்வெண்ணில் 3.5 டெசிபலும் 20 ஓம் உள்ள அதிர்வெண்ணில் 0.8 டெசிபலும் இழப்பு ஏற்படும். இரண்டுக்கும் இடையே 2.7 டெசிபல் ஏற்ற இறக்கம் ஸ்பீக்கரின் ஒலியில் புதிதாகச் சேர்கிறது. அது காதில் தெளிவாகவே விழும் மாற்றம். சில ஸ்பீக்கர்களில் இனிமையாகவும் சிலவற்றில் சமநிலை கெட்டும் ஒலிக்கும். வால்வு ஒலி என்று பலரும் சொல்வதில் பெரும்பகுதி இந்த மாற்றமும், மென்மையாகத் தொடங்கும் திரிபும்தான்.

வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் 4 ஓம், 8 ஓம் எனத் தனித்தனி முனைகள் இருக்கும். இரண்டிலும் இணைத்துக் கேட்டுப் பாருங்கள். பெயரளவில் 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தாலும் 4 ஓம் முனை கூடுதல் கட்டுப்பாட்டுடன் ஒலிப்பது உண்டு.

கிளாஸ் ஏ, ஏபி, டி: எதைத் தேர்ந்தெடுப்பது?

இவை வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இயக்கப்படும் முறையின் வகைகள். வகையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நன்றாக வடிவமைக்கப்பட்ட எந்த வகையும் போதும். கிளாஸ் ஏ கருவியின் செயல்திறன் கோட்பாட்டளவிலேயே 50 விழுக்காட்டைத் தாண்டாது. இசை ஓடாதபோதும் முழு மின்சாரத்தையும் இழுத்து வெப்பமாக்கிக்கொண்டிருக்கும். மூடிய அலமாரிக்குள் அதை வைக்கவே கூடாது. கிளாஸ் ஏபி நீண்டகாலமாக நடுவழியாக இருந்துவருகிறது.

கிளாஸ் டி பற்றிய பழைய ஐயங்கள் இன்று பெருமளவு தீர்ந்துவிட்டன. அது நொடிக்குச் சில லட்சம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடி, பின்னர் ஒரு வடிகட்டியால் இசையை மீட்டெடுக்கிறது. செயல்திறன் 90 விழுக்காட்டை எட்டுகிறது. தொடக்கக் காலக் கருவிகளில் அந்த வடிகட்டி, வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் பின்னூட்டச் சுற்றுக்கு வெளியே இருந்ததால், 4 ஓம் ஸ்பீக்கருடன் உயர் சுரங்கள் தாழ்ந்தும் 8 ஓம் ஸ்பீக்கருடன் உயர்ந்தும் ஒலித்தன. ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேடுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. புரூனோ பட்சிஸ் வடிவமைத்த என்கோர் போன்ற சுற்றுகளில் வடிகட்டி பின்னூட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் சுமை எதுவானாலும் ஒலி மாறுவதில்லை. மலிவான சிறு கிளாஸ் டி கருவிகள் பலவற்றில் பழைய குறை இன்னும் இருக்கிறது.

என் ஸ்பீக்கர்கள் சற்றுக் கூர்மையாக ஒலிக்கின்றன. இதமான ஒலியுள்ள ஆம்ப்ளிஃபையரால் அதைச் சரிசெய்யலாமா?

ஓரளவுக்கு முடியும்; ஆனால் அது சுற்றுவழி. கிளிப்பிங் எல்லைக்குள் இயங்கும், வெளியீட்டு இம்பீடன்ஸ் தாழ்ந்த, சீரான அதிர்வெண் பரப்புடைய இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இடையேயான வேறுபாடு, ஸ்பீக்கரை 20 சென்டிமீட்டர் நகர்த்துவதால் வரும் மாற்றத்தைவிடச் சிறியது. 1985இல் வடிவமைப்பாளர் பாப் கார்வர், தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் வெளியீட்டோடு ஒப்பிட்டு, இரண்டுக்குமான வேறுபாடு மறையும் வரை சுற்றைத் திருத்தினார். அதன் பிறகு ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. ஆம்ப்ளிஃபையரின் குணம் என்பது அளந்து மாற்றக்கூடிய ஒன்றுதான் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

எனவே கூர்மையைக் குறைக்க வேண்டுமானால், உயர் சுரங்களை இரண்டு டெசிபல் குறைக்க உதவும் டோன் கன்ட்ரோல் உள்ள ஆம்ப்ளிஃபையரையோ, அறையை அளந்து திருத்தும் டிஜிட்டல் வசதி உள்ள ஒன்றையோ தேர்ந்தெடுங்கள். டோன் கன்ட்ரோல் இருப்பது தரக்குறைவு என்ற எண்ணத்துக்கு அடிப்படையில்லை. மிக மென்மையாகக் கேட்பவர்களுக்கு, தாழ்சுரங்களைக் கூட்டித் தரும் லவுட்னஸ் பொத்தானும் பயனுள்ளது. ஒலி அளவு குறையும்போது நம் காது தாழ்சுரங்களை இன்னும் குறைவாகவே உணர்கிறது.

ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபையரா, தனித்தனி ப்ரீ ஆம்ப்ளிஃபையரும் பவர் ஆம்ப்ளிஃபையருமா?

ப்ரீ ஆம்ப்ளிஃபையர் உள்ளீட்டையும் ஒலி அளவையும் கட்டுப்படுத்துகிறது, பவர் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரை இயக்குகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டும் ஒரே பெட்டியில் அமைந்த ஒருங்கிணைந்ததே போதும். அதில் ப்ரீ அவுட் முனை இருந்தால், பிற்காலத்தில் வலுவான பவர் ஆம்ப்ளிஃபையரைச் சேர்க்கும் வழி திறந்தே இருக்கும். இசைத்தட்டு கேட்பவர்கள் ஃபோனோ உள்ளீட்டைச் சரிபார்க்க வேண்டும். இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ்களில், காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜுக்கு 40 டெசிபல் அளவிலும், சுருள் அசையும் கார்ட்ரிட்ஜுக்கு 60 டெசிபல் அளவிலும் பெருக்கம் தேவைப்படுவதால், ஒன்றுக்கானது மற்றொன்றுக்குச் சரிவராது. உள்ளேயே அமைந்த டிஜிட்டல் மாற்றி வசதியானதுதான் என்றாலும், இணையவழி ஒலிபரப்பு வசதிகள் ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே பழையதாகிவிடும். அவற்றைத் தனிக் கருவியாக வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

இரட்டைக் கம்பி இணைப்பும் இரட்டை ஆம்ப்ளிஃபையரும் பலன் தருமா? விலையுயர்ந்த கம்பி வேண்டுமா?

ஸ்பீக்கருக்குள் உள்ள கிராஸ்ஓவரை (தாழ்சுரங்களையும் உயர்சுரங்களையும் பிரிக்கும் சுற்றை) நீக்காமல், இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனிக் கம்பியையோ ஆம்ப்ளிஃபையரையோ இணைப்பதால் கிடைக்கும் பலன் சிறிது. அந்தச் செலவில் ஒரே நல்ல ஆம்ப்ளிஃபையரை வாங்குவது மேல். கம்பியைப் பொறுத்தவரை, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் நீளத்துக்குப் போய்வர 0.07 ஓம் மின்தடையே தருகிறது. அது போதும்.

சப்வூஃபர் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையரின் சுமை குறையுமா?

ஆம்ப்ளிஃபையர் தாழ்சுரங்களை முதன்மை ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் தடுத்தால் மட்டுமே குறையும். வெறும் சப் அவுட் முனை மட்டும் உள்ள கருவிகளில் ஸ்பீக்கர்கள் முழு அலையையும் வாங்கிக்கொண்டே இருக்கும். 80 ஹெர்ட்ஸ் அளவில் பிரித்துக் கொடுக்கும் வசதி இருந்தால், சிறிய ஸ்பீக்கர்களின் வூஃபர் வீணாக அலைபாயாமல் நடுச்சுரங்கள் தெளிவடையும். உணர்திறன் குறைந்த சிறு ஸ்பீக்கர்களை வைத்திருப்பவர்களுக்கு, வாட்டை இரட்டிப்பாக்குவதைவிட இந்த வசதி கூடுதல் பலன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை வீட்டில் எப்படி ஒப்பிடுவது?

இரண்டின் ஒலி அளவையும் காதால் அல்லாமல் மீட்டரால் சமன் செய்யுங்கள். சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்ததென்று எண்ணுவது மனித இயல்பு. அரை டெசிபல் வேறுபாடுகூடத் தெளிவு, விரிவு என்றெல்லாம் நமக்குத் தோன்றும். 1 கிலோஹெர்ட்ஸ் அலையை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும் நிலையிலேயே முனைகளின் மின்னழுத்தத்தை ஒரு விழுக்காட்டுக்குள் சமன் செய்தால் வேறுபாடு 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். பல மல்ட்டிமீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் துல்லியமாகக் காட்டாவிட்டாலும், இரண்டையும் ஒரே மீட்டரால் ஒப்பிடுவதால் அது குறையாகாது. எது ஓடுகிறது என்று தெரியாதபடி மற்றொருவர் மாற்றிக் கொடுக்க, நன்கு பழகிய பாடல்களின் சிறு பகுதிகளைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால், வசதிகளையும் இரைச்சலின்மையையும் பார்த்து முடிவெடுக்கலாம். இரைச்சலைச் சோதிக்க, இசையின்றிக் காதை ட்வீட்டருக்கு அருகில் வைத்துக் கேளுங்கள். உணர்திறன் 95 டெசிபலைத் தாண்டும் ஸ்பீக்கர்களில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பயன்படுத்தப்பட்ட பழைய ஆம்ப்ளிஃபையரை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், திறனும் கட்டுமானமும் குறைந்த விலையில் கிடைப்பது அங்கேதான். ஸ்பீக்கரை இணைப்பதற்கு முன் வெளியீட்டு முனைகளில் நேர்திசை மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நலம், அதற்கு மேல் போனால் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே இணைக்க வேண்டும். இருபது முப்பது ஆண்டுகள் ஆன கருவிகளில் மின்தேக்கிகள் வறண்டிருக்கலாம், ரிலேயின் தொடுமுனைகள் கறுத்து ஒரு பக்கத்தின் ஒலி மங்கியிருக்கலாம், இவை மாற்றக்கூடியவை. உற்பத்தி நின்றுபோன வெளியீட்டு டிரான்சிஸ்டரோ கலப்புச் சில்லோ எரிந்திருந்தால் அதற்கு ஈடு கிடைப்பது அரிது. இரு பக்கங்களையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இரண்டும் ஒரே அளவில் சூடேறுகின்றனவா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.